தனுஷ்கோடி ரயில் நிலையமும் தகரச் சீட்டும்

கல்லூரி மாணவர்கள் சிலரோடு தனுஷ்கோடி போயிருந்தோம். சாலை இப்போது அரிச்சல்முனை வரைக்கும் போகிறது. வழியில் இடிந்த தேவாலயம், தண்ணீர்த் தொட்டி, ரயில் நிலையத்தின் மிச்சச் சுவர்கள். வேன் ஓட்டி வந்தவரே கதையும் சொன்னார்: புயல் வந்தது, ரயில் போனது, ஊர் அழிந்தது. எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். எங்களோடு வந்த கோத்தகிரி மாணவி மட்டும் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று, “எங்க பாட்டியோட அப்பா இந்த வழியாத்தான் சிலோனுக்குப் போனாராம். பாட்டி திரும்பி வந்தப்ப இந்த ஸ்டேஷனே இல்லையாம்” என்றார்.

வேன்காரர் சொன்ன கதையில் அந்தப் பாட்டியின் அப்பாவுக்கு இடமில்லை. பாடப் புத்தகத்திலும், யூடியூப் காணொளிகளிலும் இடமில்லை. அங்கே தனுஷ்கோடி என்றால் போட் மெயில், இராமர் பாலம், 1964 புயல். நாம் அந்த நிலையத்தின் வரலாற்றை அதன் வழியாகக் கூட்டம் கூட்டமாக அனுப்பப்பட்டவர்கள் பக்கத்திலிருந்து சொல்லிப் பார்ப்போம்.

நிலையம் வருவதற்கு முன்

19-ஆம் நூற்றாண்டில் இலங்கை மலைகளில் காப்பித் தோட்டங்கள் போட்டார்கள். காப்பி நோய் தாக்கி அழிந்த பிறகு தேயிலை வந்தது. இரண்டுக்கும் ஆள் தேவை. ஆள் கிடைத்தது திருச்சி, சேலம், தஞ்சை, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து. பஞ்சமும் பண்ணையடிமைத்தனமும் கடனும் எங்கே இருந்தனவோ அங்கேதான் கங்காணி போய் நின்றார்.

போனவர்களில் பல சாதியினரும் உண்டு. ஆனால் ஏறத்தாழப் பாதிப்பேர் பறையர், பள்ளர், அருந்ததியர். ஊரில் காணி நிலம் இல்லாதவர்களுக்கு ஊரை விட்டுப் போவதுதான் கையில் இருந்த ஒரே பேரம். அதைக் கங்காணியும் தெரிந்து வைத்திருந்தார்.

அந்தக் காலப் பயணம் கால்நடைப் பயணம். கடற்கரை வரை நடை, படகில் மன்னார்ப் பக்கம், பிறகு காட்டு வழியாக மாத்தளை வரைக்கும் மறுபடி நடை. காலராவிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். வழிச்செலவும் சோற்றுச் செலவும் கங்காணியின் கணக்கில் கடனாக ஏறும். மலைக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே தொழிலாளி கடனாளி.

ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற ‘துண்டு’ வேண்டும். இவருடைய கடன் இவ்வளவு, அதைக் கட்டிவிட்டு இவரை வைத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. 1921-ல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள்.

1914

பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24-ல் திறக்கப்பட்டது. அதோடு தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் பாதை தனுஷ்கோடிக்கு வந்தது. எதிர்க்கரையில் தலைமன்னாரில் இலங்கை ரயில்வேயின் துறை. நடுவில் சுமார் 35 கிலோமீட்டர் கடல். கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று வைஸ்ராய்களின் பெயர் வைத்த நீராவிக் கப்பல்கள் ஓடின. பின்னாளில் இர்வின், கோஷன். எழும்பூரில் ஒரே டிக்கெட் வாங்கினால் கொழும்பு வரைக்கும் போகலாம். அதற்கு முன்பு போட் மெயில் தூத்துக்குடி வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

மணலும் மீனவர் குடிசைகளுமாக இருந்த முனையில் ஒரு ரயில் நிலையம் வந்தது. கூடவே சுங்க அலுவலகம், தபால் நிலையம், ரயில்வே மருத்துவமனை, பள்ளி, ஊழியர் குடியிருப்பு. ஊருக்கென்று விளைச்சல் எதுவும் கிடையாது. அரிசி, கருவாடு, துணி, ஆட்கள் என்று கடலைக் கடந்து போனவற்றை வைத்துத்தான் அந்த நிலையம் வளர்ந்தது.

ஆட்கள் எல்லோரும் ஒரே வாசல் வழியாகப் போகவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். தோட்டத்துக்குப் போகிறவர்களை ரயில் மண்டபத்திலேயே இறக்கிவிட்டது. அங்கே இலங்கை அரசாங்கம் இந்திய மண்ணில் ஒரு தனிமைப்படுத்தும் முகாம் நடத்தியது. இன்றும் அந்த ரயில் நிலையத்தின் பெயர் ‘மண்டபம் கேம்ப்’. பிளேக்கும் காலராவும் தோட்டங்களுக்கு வந்துவிடக்கூடாது என்று தொழிலாளர்களைப் பல நாள் அடைத்து வைத்தார்கள். அம்மை குத்தினார்கள். துணிமணிகளைக் கிருமிநீக்கம் செய்தார்கள். பிறகுதான் தனுஷ்கோடிக்கு வண்டி, அங்கிருந்து கப்பல்.

கழுத்தில் தகரச் சீட்டு. தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த சிறு தகட்டைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் வழி தவறாமல் இருக்க என்று சொல்லப்பட்டது. எந்த ஆள் எந்தத் துரையின் செலவில் வருகிறார் என்பதற்கான கணக்கும் அதுவேதான். சரக்கு மூட்டைக்கு ஒட்டும் சீட்டுக்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை.

ரயில் எதைக் கரைத்தது?

ரயிலும் அதைத் தொடர்ந்து வரும் தொழிற்சாலையும் இந்தியாவின் சாதிய வேலைப் பிரிவினையைக் கரைத்துவிடும் என்று மார்க்ஸ் 1853-ல் எழுதினார். 1901-ல் சிறுவன் அம்பேத்கர் மராட்டிய மாநிலத்தின் மசூர் ரயில் நிலையத்தில் இறங்கினார். கூட அண்ணனும் அக்காள் மகன்களும். நல்ல உடுப்பு, கையில் காசு. என்ன சாதி என்று தெரிந்ததும் நிலைய அதிகாரியின் முகம் மாறியது. மாட்டு வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். கடைசியில் இரட்டைக் கூலி. வண்டியைப் பிள்ளைகளே ஓட்டிக்கொள்ள வேண்டும், வண்டிக்காரர் பக்கத்தில் நடந்து வருவார். ரயில் பெட்டிக்குள் யாரும் கேட்காத கேள்வி நடைமேடையில் காத்திருந்தது.

தனுஷ்கோடியிலும் அப்படித்தான். அதே தண்டவாளத்தில் காசி, இராமேஸ்வரம் யாத்திரைக்காரர்கள் வந்தார்கள். சேதுவில் நீராடினார்கள். தோட்டத்துக்குப் போன நம் முன்னோர் அந்தக் கோயில் தீவைக் கடந்துதான் போனார்கள். தமிழ்நாட்டின் பெருங்கோயில்களின் கதவு தலித்துகளுக்குத் திறக்க 1939, 1947 ஆண்டுகளின் சட்டங்கள் தேவைப்பட்டன. தீவின் வழியாகப் போக ரயில் வைத்தவர்களுக்கு அவர்களுடைய உழைப்பு தேவையாக இருந்தது, அவ்வளவுதான்.

கடலைத் தாண்டிய பிறகும் சாதி கூடவே போனது. லயங்களைச் சாதிவாரியாகப் பிரித்தார்கள். பெரிய கங்காணிகள் பெரும்பாலும் மேலே இருந்த சாதிகளிலிருந்தே வந்தார்கள். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஊர்ப் பண்ணையாரின் கையிலிருந்து தப்ப அந்த ரயில் சிலருக்கு உதவியது. கூலி காசாகக் கையில் வந்தது. நம் பாட்டிகள் சிலோன் காலத்தைச் சொல்லும்போது அழுகையும் பெருமையும் சேர்ந்து வருவது அதனால்தான். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடக் கூடாது.

புயலுக்கு முன்பே தொடங்கிய சரிவு

தனுஷ்கோடியைக் கடல் ஒரே இரவில் கொண்டுபோனது என்பார்கள். ஊரைக் கொண்டுபோனது உண்மை. நிலையத்தின் சரிவு அதற்கு 25 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

1939-ல் இலங்கை அரசு தினக்கூலிக்கு வேலை செய்த இந்தியர்களை வெளியேற்றத் தொடங்கியது. பதிலுக்கு இந்திய அரசு அந்த ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் கூலி வேலைக்காக இலங்கை போவதைத் தடை செய்தது. 1948-ல் சுதந்திர இலங்கை குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. தேயிலையில் அந்த நாட்டைக் கட்டிய சுமார் ஏழு லட்சம் மலையகத் தமிழர் நாடற்றவர் ஆனார்கள். அதே ஆண்டு குடிவரவுச் சட்டமும் வந்தது. பொங்கலுக்கோ சாவுக்கோ ஊருக்கு வந்து திரும்பிக்கொண்டிருந்தவர்களுக்கு இப்போது பாஸ்போர்ட் வேண்டும், விசா வேண்டும். ஏழைகளின் போக்குவரத்து அடைபட்டது.

1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரை இரண்டு அரசுகளும் பங்கு பிரித்தன: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். யாரைப் பிரித்தார்களோ அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒப்பந்தம் போட்டு எட்டு வாரம்கூட ஆகவில்லை. டிசம்பர் 22 இரவு புயல் அடித்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பாசஞ்சர் வண்டி தனுஷ்கோடியை நெருங்கும்போது அலை அதை அப்படியே புரட்டியது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் யாரும் பிழைக்கவில்லை. நிலையம், துறை, குடியிருப்பு எல்லாம் போயின. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது.

பாம்பன் பாலமும் அதே புயலில்தான் சிதைந்தது. அதைப் பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்தார்கள். யாத்திரைக்கும் வணிகத்துக்கும் இராமேஸ்வரம் பாதை தேவை. தனுஷ்கோடிப் பாதையை மட்டும் திரும்பப் போடவில்லை. மணல் அரித்துக்கொண்டே இருக்கும் முனை, செலவு அதிகம் என்பது நியாயமான காரணம்தான். ஆனால் 1914-லும் அது அதே மணல்தான். அன்று தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது.

திரும்பி வந்தவர்கள்

ஐந்தே கால் லட்சம் பேர் திரும்பி வர வேண்டிய நேரத்தில் அவர்களை அனுப்பி வைத்த நிலையம் இல்லை. மலையக மக்கள் ரயிலைக் ‘கோச்சி’ என்பார்கள். பதுளையிலும் ஹட்டனிலும் அந்தக் கோச்சி கிளம்பும்போது நடைமேடை முழுக்க ஒப்பாரி. ‘ஒப்பாரிக் கோச்சி’ என்ற பெயர் அப்படி வந்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். அங்கிருந்து அதே மண்டபம் முகாம். தாத்தாவை அம்மை குத்தி அனுப்பிய இடத்தில் பேத்தி வரிசையில் நின்றார்.

பிறகு நீலகிரியின் அரசு தேயிலைத் தோட்டங்களுக்குப் பலர், தெரிந்தவர் தெரியாதவர் என்று பல மாவட்டங்களுக்குப் பலர். இங்கே அவர்களுக்குப் பெயர் ‘சிலோன்காரன்’. 1984-ல் கப்பலும் நின்றது. மண்டபம் முகாம் மட்டும் நிற்கவில்லை. போரில் தப்பி வந்த ஈழ அகதிகளை வைத்துக்கொண்டு இன்னும் இருக்கிறது.

எங்கள் களப்பணியில் அடிக்கடி வருகிற சிக்கல் ஒன்று. தாயகம் திரும்பியவர்களின் பேரப்பிள்ளைகள் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போகிறார்கள். பூர்வீக ஊர் எது, அங்கே யார் இருக்கிறார்கள், பழைய ஆவணம் என்ன என்று கேட்கிறார்கள். மூன்று தலைமுறைக்கு முன் கங்காணி கூட்டிப்போனவருக்குக் கிடைத்தது தகரச் சீட்டு. அதில் தோட்டத்தின் எண் இருந்தது, ஊரின் பெயர் இல்லை. சேரியில் இருந்த குடிசைக்குப் பட்டாவும் இருந்ததில்லை. சாதியால்தான் ஊரை விட்டுப் போனார்கள். இன்று அந்தச் சாதியை நிரூபிக்கக் காகிதம் கேட்கிறார்கள். கோத்தகிரி மாணவி சான்றிதழ் வாங்க இரண்டு ஆண்டு அலைந்தார். அதற்குள் ஒரு ஆண்டு உதவித்தொகை போய்விட்டது.

இராமேஸ்வரம் – தனுஷ்கோடி ரயில் பாதையைத் திரும்பப் போட 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலமும் திறந்தாகிவிட்டது. பாதை வந்தாலும் வராவிட்டாலும், அந்தச் சுவருக்குப் பக்கத்தில் இன்று இல்லாத ஒரு பலகையை நாம் கேட்க வேண்டும்: இந்த நிலையத்தின் வழியாகத் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டவர்கள் யார், எந்த மாவட்டங்களிலிருந்து, ஏன் போனார்கள் என்று எழுதிய பலகை.

அதற்கு முன் நம் வீட்டுக்குள்ளேயே செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. வீட்டில் சிலோன் கதை தெரிந்த பெரியவர்கள் இருந்தால் இந்த விடுமுறையில் உட்கார்ந்து பதிவு செய்யுங்கள். கங்காணியின் பெயர், புறப்பட்ட ஊர், தோட்டத்தின் பெயர், எந்த ஆண்டு திரும்பினார்கள், கப்பலில் கூட வந்தது யார். குடும்ப அட்டை, பழைய பாஸ்போர்ட், தோட்டத்துச் சீட்டு எது இருந்தாலும் படம் எடுத்து வையுங்கள். அலுவலகத்தில் ஆவணம் கேட்கும்போது அது உதவும். கோத்தகிரி மாணவிக்குக் கடைசியில் உதவியது பாட்டியின் தகரப் பெட்டிக்குள் இருந்த ஒரு பழைய கடித உறைதான். அதன் மேல் பூர்வீக ஊரின் பெயர் இருந்தது.