நெருப்பில் அனைவர்க்கும் பங்கு

திருமறையின் 107ஆம் அத்தியாயத்திற்கு 'அல்மாஊன்' என்று பெயர். அன்றாடப் புழக்கப் பொருளைப் பிறர்க்குத் தர மறுப்போரைக் கண்டித்து அது நிறைவு பெறுகிறது. 'மாஊன்' என்பது யாது? ஜகாத்தே அது என்றனர் சிலர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் வாளியும் சமையற் பானையும் இரவல் தருவதையே தோழர்கள் அவ்வாறு கருதி வந்ததாக இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வழியாக அபூதாவூதில் செய்தி வருகிறது. தண்ணீர், உப்பு, நெருப்பு ஆகியவற்றை மறுக்கலாகாது என்றும், நெருப்பு ஈந்தவர் அதில் சமைக்கப்பட்ட அனைத்தையும் தருமம் செய்தவர் போன்றவர் என்றும் இப்னு மாஜாவில் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் தொடர் பலவீனமானது. ஆகவே அதன்மீது சட்டம் எழுப்ப இயலாது.

சட்டத்திற்கு அடிப்படையாக அமைந்தது வேறொரு நபிமொழி. தண்ணீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் முஸ்லிம்கள் கூட்டாளிகள் என்பது அதன் கருத்து. ஹிஜ்ரி 224இல் (கி.பி. 838) மறைந்த அபூ உபைத் தம் 'கிதாபுல் அம்வால்' நூலில் இதனை ஆராய்கிறார். ஹனஃபி அறிஞர் ஸரக்ஸீயின் 'மப்ஸூத்' இன்னும் நுணுகிச் செல்கிறது. திறந்த வெளியில் ஒருவர் தீ மூட்டினால், அதில் குளிர்காய்வதையும் ஆடை உலர்த்துவதையும் அதன் ஒளியில் வேலை செய்வதையும் அவர் தடுக்க முடியாது. ஆனால் தணலை அள்ளிச் செல்ல வந்தால் தடுக்கலாம். ஏனெனில் தணல் என்பது அவர் உழைத்துச் சேர்த்த விறகு. வெப்பமும் ஒளியும் பொது, எரிபொருள் தனியுடைமை!

இந்தப் பாகுபாடு நியாயமானதே. எனினும் விறகில்லாத வீட்டின் அடுப்பை அது எரிய வைக்காது. அந்த இடைவெளியை வரலாற்றில் நிரப்பியவற்றுள் வக்ஃபு முதன்மையானது என்பது நம் துணிபு. உஸ்மானியப் பேரரசர் சுலைமானின் துணைவியார் ஹுர்ரம் சுல்தான் 1552இல் ஜெரூசலத்தில் நிறுவிய அன்னசாலையை எடுத்துக்கொள்வோம். காலையில் அரிசிக் கஞ்சி, மாலையில் கோதுமைக் கஞ்சி என நாள்தோறும் இருவேளை அங்கு உணவு வழங்கப்பட்டது. ஏழைகள் மட்டும் நானூறு பேர். பாலஸ்தீனக் கிராமங்களின் வருவாய் இதற்கென எழுதி வைக்கப்பட்டிருந்தது. தானியத்தோடு விறகும் வக்ஃபின் செலவு. இதனைப் பலர் கவனிப்பதில்லை. தானியத்தை மட்டும் பெறும் ஏழை அதனை வேக வைக்க மீண்டும் கடைத்தெருவுக்குச் செல்ல வேண்டும். வெந்த உணவைப் பெற்றவருக்கு அந்தக் கவலை இல்லை. நம் பள்ளிவாசல்களில் ரமளான் மாதத்தில் தூக்குவாளியுடன் வந்து நோன்புக் கஞ்சி வாங்கிச் செல்லும் குடும்பங்களுக்கும் இது பொருந்தும்.

மொராக்கோவின் ஃபெஸ் நகரில் வேறொரு வழி. பள்ளிவாசல், நீரூற்று, ஹம்மாம் ஆகியவற்றோடு ஒரு பொது ரொட்டி அடுப்பும் ஒவ்வொரு குடியிருப்புக்கும் இருந்தது. வீட்டில் பிசைந்த மாவைப் பலகையில் வைத்துப் பிள்ளைகள் கொண்டு செல்வர். சிறு கூலிக்கு அது ரொட்டியாகித் திரும்பும். நூறு அடுப்புகளின் விறகை ஓர் அடுப்பு மிச்சப்படுத்தியது. கெய்ரோவிலோ, ஹம்மாம் உலையின் எஞ்சிய சூட்டில் இரவெல்லாம் வெந்த 'ஃபூல்' அவரைதான் எளியோரின் காலையுணவு.

இன்று விறகின் இடத்தில் மின்கட்டணமும் எரிவாயு உருளையும் நிற்கின்றன. மொராக்கோ மலைச்சிற்றூர் தத்மாமெத்தில் 2016இல் ஊர்மக்களின் உழைப்போடு எழுந்த பள்ளிவாசல் கதிரொளி மின்சாரத்தில் இயங்குகிறது. எரிபொருள் விலை ஏறிய 2022ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், வீட்டைச் சூடேற்ற வசதியற்றோர் வந்து அமர்வதற்காகப் பிரிட்டனின் பள்ளிவாசல்கள் சில, கதவைத் திறந்து வைத்தன. மப்ஸூத் கூறும் குளிர்காயும் உரிமை நம் நினைவுக்கு வருகிறது.

மின்கட்டண நிலுவைக்கு ஜகாத் நிதியைத் தரலாமா என்ற வினா எழலாம். அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் கடன்பட்டோரையும் ஜகாத் பெறத் தகுந்தோரில் சேர்க்கிறது. நிலுவையும் கடனே. பொருளை ஏழையின் உடைமையாக்க வேண்டும் என்பது ஹனஃபிகளின் நிபந்தனை. ஆகவே தொகையை அவர் கையில் கொடுக்க வேண்டும், அல்லது அவர் சொல்லின்படி அவருக்காகச் செலுத்த வேண்டும். அவர் அறியாமல் நாமே கட்டிவிட்டு அதனை ஜகாத்தாகக் கணக்கெழுதினால், அம்மத்ஹபின்படி ஜகாத் நிறைவேறாது.