ஒண்ணாப்புல என்னதான் படிக்கிறாங்க? உங்க வீட்டு வாண்டுக்காக நீங்க தெரிஞ்சுக்க வேண்டியவை!

அக்கா பையன், சித்தி பொண்ணு, உங்க சொந்தக் குழந்தை... யாராவது ஒருத்தர் இந்த வருஷம் ஒண்ணாப்பு போறாங்களா? அப்போ இந்த சீன் உங்களுக்கும் பழக்கமாத்தான் இருக்கும். ஸ்கூல் விட்டு வந்ததும் 'இன்னிக்கு என்ன எழுதின?' என்று நோட்டை வாங்கிப் புரட்டுவோம். உள்ளே ரெண்டு வளைவு, நாலு கோடு, கலர் அடிச்ச ஒரு பூனை. 'மூணு மாசமா இதைத்தான் படிக்குதா? பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏ டு இஸட் சொல்லுதே!' என்று வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிடும்.

உண்மையில், ஒண்ணாம் வகுப்பில் நடக்கும் படிப்பில் பெரும்பகுதி நோட்டில் தெரியாது. என்னென்ன கற்றுக்கொள்கிறார்கள், ஆண்டு முடிவில் எதை எதிர்பார்க்கலாம், வீட்டில் நாம என்ன செய்யலாம்... ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எப்போ சேர்க்கணும்?

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 5 வயது முடிந்த குழந்தையை ஒண்ணாம் வகுப்பில் சேர்க்கலாம். வயதுச் சான்று கையில் இல்லை என்று சொல்லிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பது 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம். குழந்தைக்கோ பெற்றோருக்கோ தேர்வு, நேர்காணல் வைத்து வடிகட்டவும் கூடாது. இது தனியார் பள்ளிக்கும் பொருந்தும்.

பாடங்கள் நான்குதான்: தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல்.

தமிழ்: 247-ஐ மனப்பாடம் பண்றது இல்லை

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. மொத்தம் 247 எழுத்துகள். ஆனால், குழந்தை 247 உருவங்களையும் தனித்தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை. 'க்' என்ற ஒலியோடு 'அ' சேர்ந்தால் 'க', 'ஆ' சேர்ந்தால் 'கா' என்ற சூத்திரம் பிடிபட்டால் போதும், மிச்சத்தைத் தானே கட்டிக்கொள்ளும். அதனால் முதலில் வருவது ஒலி. 'அம்மா, அணில், அப்பளம்... எல்லாத்துக்கும் முதல்ல என்ன சத்தம் வருது?' என்ற விளையாட்டுதான் உண்மையான முதல் பாடம்.

அப்புறம் சிக்கல்கள் வரும். 'கா' எழுதும்போது துணைக்கால் பின்னால் வருகிறது. 'கெ' எழுதும்போது மட்டும் கொம்பு முன்னால் வந்து நிற்கிறது. 'கொ' என்றால் ரெண்டு பக்கமும்! உகரம் இன்னும் மோசம். கு, சு, து, மு என்று எழுத்துக்கு எழுத்து உருவம் மாறும். பெரியவர்களான நமக்கு இது கண்ணில் படுவதே இல்லை. ஐந்து வயதுக் குழந்தைக்கு இது பெரிய மலை. அது 'கெ'யைத் தலைகீழாக எழுதினாலோ, ண-வையும் ன-வையும் குழப்பினாலோ பதறாதீங்க. அந்த வயதில் அது இயல்பு.

இன்னொரு விஷயம். வீட்டில் 'மரத்துல குருவி உக்காந்துருக்கு' என்று பேசும் குழந்தை, புத்தகத்தில் 'மரத்தில் குருவி அமர்ந்திருக்கிறது' என்று படிக்கிறது. இது கிட்டத்தட்ட இன்னொரு மொழி. விருதுநகர் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்களும் நிறைய. அந்த வீட்டுக் குழந்தைக்கு இது மூன்றாவது படி. 'என் பிள்ளை பேசவே மாட்டேங்குது' என்று முடிவுகட்டும் முன்னால், அது எத்தனை மொழியை ஒரே நேரத்தில் சமாளிக்கிறது என்று யோசிங்க.

கணக்கு: சில்லு விளையாட்டும் ஒரு பாடம்தான்

உள்ளே-வெளியே, பெரியது-சிறியது, அருகில்-தொலைவில்... கணக்குப் பாடம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. பிறகு 1 முதல் 9, பூஜ்யம், 10, அதற்கு மேல் எண்கள், சேர்த்தல், நீக்கல், வடிவங்கள், அமைப்புகள் என்று போகும்.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்க. 'ஒண்ணு, ரெண்டு, மூணு...' என்று ஐம்பது வரை ஒப்பிப்பது வேற. ஏழு புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணி, 'ஏழு' என்று நிறுத்துவது வேற. இரண்டாவதுதான் கணக்கு. கொட்டைகளைக் கலைத்துப் போட்டு 'இப்போ எத்தனை?' என்று கேட்டால், மறுபடி எண்ணாமலே 'ஏழுதான்' என்று சொல்லும் நாள் வரும். அன்றைக்குக் குழந்தை ஒரு பெரிய படியைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

வெம்பக்கோட்டை அகழாய்வு உங்களுக்கு நினைவிருக்கும். வைப்பாற்றங்கரையில் விஜயகரிசல்குளம் மேட்டில் 2022-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை தொடங்கியது. சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகளோடு சுடுமண்ணால் ஆன வட்டச் சில்லுகளும் ஆட்டக்காய்களும் அங்கே கிடைத்தன. கட்டம் போட்டுச் சில்லு விளையாடும் குழந்தை எண்ணுகிறது, வரிசை பார்க்கிறது, முறைக்காகக் காத்திருக்கிறது. ஒண்ணாம் வகுப்புக் கணக்கு கேட்பதும் இதைத்தான். அதனால் 'விளையாடாம போய்ப் படி' என்று தெருவிலிருந்து உள்ளே இழுக்கும் முன்னால் கொஞ்சம் யோசிங்க பாஸ்!

ஆங்கிலமும் சூழ்நிலையியலும்

ஆங்கிலத்தில் பாட்டு, கதை, எழுத்துகளின் ஒலி, சின்னச் சின்னச் சொற்கள். கேட்டுப் புரிந்துகொள்வதுதான் முதலில், எழுதுவது பிறகு. சூழ்நிலையியலில் உடல் உறுப்புகள், குடும்பம், செடி, விலங்கு, உணவு, சுத்தம். இதற்கு ஊரே புத்தகம். கரிசல் மண் மழைக்கு ஒட்டும், வெயிலுக்கு வெடிக்கும் என்பதைக் குழந்தை கண்ணால் பார்க்கிறது. 'ஏன்?' என்று கேட்டால், தெரிந்ததைச் சொல்லுங்க. 'சும்மா இரு' மட்டும் வேண்டாம்.

புத்தகத்தில் இல்லாத பாடங்கள்

வரிசையில் நிற்பது, முறை வரும்வரை காத்திருப்பது, 'டீச்சர், எனக்குப் புரியலை' என்று சொல்வது, 'பாத்ரூம் போகணும்' என்று கேட்பது, அம்மா இல்லாத இடத்தில் சாப்பிட்டு முடிப்பது. முதல் சில மாதங்கள் இதற்கே போய்விடும். இவை பழகாத குழந்தைக்கு எழுத்து ஏறுவது கஷ்டம்.

சாப்பாடும் இதில் சேர்த்திதான். பசியோடு உட்கார்ந்த குழந்தை எதையும் கவனிக்காது. விருதுநகர்க்காரரான காமராஜர் முதல்வராக இருந்தபோது 1956-ல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியதற்குக் காரணமும் அதுதான். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. காலையிலேயே ஆலை வண்டிக்குக் கிளம்பும் அம்மாக்கள் இருக்கும் ஊரில், பள்ளியில் கிடைக்கும் சூடான உப்புமாவும் பொங்கலும் எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

அரும்பு, மொட்டு, மலர்... இது என்ன?

கொரோனா நேரத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் ஏற்பட்ட இடைவெளியைச் சரிசெய்ய, 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. முதலில் 1 முதல் 3-ம் வகுப்பு வரை. அதில் குழந்தைகளின் கற்றல் நிலைக்கு வைத்த பெயர்கள்தான் அரும்பு, மொட்டு, மலர். ஒண்ணாம் வகுப்புக் குழந்தை அரும்பில் தொடங்கும். வகுப்பறையில் கதைக்களம், பாடல்களம், பொம்மலாட்டக் களம் என்று மூலைகள் இருக்கும். 'ஸ்கூல்ல இன்னிக்கு பொம்மை வச்சு விளையாண்டோம்' என்று குழந்தை சொன்னால், வகுப்பு நடக்கவில்லை என்று நினைக்காதீங்க. வகுப்பே அதுதான்.

வீட்டுப்பாடம்? 1, 2-ம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதம் உத்தரவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசும் அதையே சொல்லி, இந்த வகுப்புகளுக்குப் புத்தகப் பையின் எடை 1.5 கிலோவைத் தாண்டக் கூடாது என்றும் அறிவுறுத்தியது. உங்க வாண்டின் பையை ஒருமுறை தூக்கிப் பாருங்க.

வெம்பக்கோட்டை பக்கம் இது ஏன் கூடுதல் முக்கியம்?

உங்க பாட்டி, அத்தைகிட்ட கேட்டுப் பாருங்க. 1980-களில் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் விடிவதற்கு முன்பே வண்டி வந்து குழந்தைகளைத் தீப்பெட்டி ஆபீஸுக்கும் பட்டாசு ஆலைக்கும் ஏற்றிப் போகும். ஒண்ணாப்பில் சேர வேண்டிய வயதில் குச்சி அடுக்கிய விரல்கள் அவை. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர்கள் பற்றிய எம்.சி.மேத்தா வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆபத்தான தொழிலில் சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாயை முதலாளி நல நிதிக்குக் கட்ட வேண்டும் என்றது. 2016 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, வெடிபொருள் சார்ந்த வேலையில் 18 வயதுக்குக் கீழே யாரையும் ஈடுபடுத்தக் கூடாது. வீட்டில் வைத்துக் கருந்திரி சுற்றும் வேலைக்குக் குழந்தை 'சும்மா கை கொடுப்பதும்' இதில் அடங்கும். அப்படி எங்காவது பார்த்தால் 1098-க்கு போன் பண்ணுங்க.

இன்றைக்கு நிலைமை நிறைய மாறிவிட்டது. ஆனால், பள்ளியில் பெயர் இருப்பது மட்டும் போதாது. ஒண்ணாப்பு, ரெண்டாப்பில் வாசிப்பு பிடிபடாத குழந்தைக்கு நாலாப்பில் எல்லாப் பாடமும் சுவர் மாதிரி நிற்கும். அறிவியல் தெரியாமல் இல்லை, அறிவியல் புத்தகத்தை வாசிக்க முடியாமல் பின்தங்கும். எட்டாம் வகுப்பு வரை கட்டாயத் தேர்ச்சி என்பதால் இது வெளியே தெரியாமலே போகும். தெரியவரும்போது பிள்ளைக்கு 14 வயது. 'படிப்பு ஏறலை, வேலைக்காவது போகட்டும்' என்ற வார்த்தை வருவது அந்த இடத்தில்தான்.

ஆண்டு முடிவில் என்ன தெரிஞ்சிருக்கணும்?

2021 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய நிபுண் பாரத் திட்டத்தின் இலக்குகளை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

- தன் வயதுக்கேற்ற, முன்பு பார்த்திராத பகுதியில் 4, 5 எளிய சொற்கள் கொண்ட சின்ன வாக்கியத்தை வாசிப்பது.
- 99 வரை எண்களை வாசிப்பது, எழுதுவது.
- எளிய கூட்டல், கழித்தல் செய்வது.

'முன்பு பார்த்திராத' என்பதுதான் இதில் முக்கியம். பாடப்புத்தகப் பக்கத்தை மனப்பாடமாகச் சொல்லும் குழந்தை, வாசிக்கிறது என்று நம்மை ஏமாற்றிவிடும். பஸ் போர்டையோ கடைப் பெயரையோ காட்டிக் கேளுங்க. எழுத்துக் கூட்டிப் படித்தால் போதும், வேகம் பிறகு வரும்.

வீட்டில் 10 நிமிஷம் போதும்

- தீப்பெட்டி லேபிள், பிஸ்கட் கவர், பஸ் போர்டு... எதிலும் ஓர் எழுத்தைத் தேடச் சொல்லுங்க. 'இதுல ம எங்க இருக்கு?'
- தூங்கும் முன் ஒரு கதை சொல்லுங்க. படிக்கத் தெரியாத பாட்டி சொல்லும் கதைக்கும் முழு மதிப்பு உண்டு. சொல்வளம் அங்கிருந்துதான் வரும்.
- தட்டு எடுத்து வைக்கச் சொல்லுங்க. 'நாம 5 பேர், 3 தட்டு இருக்கு. இன்னும் எத்தனை வேணும்?'
- 'என்ன எழுதின?' என்பதற்குப் பதிலா 'யாரோட விளையாடின? டீச்சர் என்ன கதை சொன்னாங்க?' என்று கேளுங்க.
- பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீங்க. போன மாதத்து உங்க பிள்ளையோடு ஒப்பிடுங்க.
- போர்டைப் பார்த்து எழுதத் திணறினாலோ, கூப்பிட்டால் அடிக்கடி திரும்பாவிட்டாலோ, திட்டும் முன் கண்ணையும் காதையும் டாக்டரிடம் காட்டுங்க.

அரையாண்டு தாண்டியும் சில எழுத்துகள்கூடப் பிடிபடவில்லை என்றால் தள்ளிப்போடாமல் வகுப்பு ஆசிரியரிடம் பேசுங்க. அம்மா, அப்பா ரெண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடா? அப்போ அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் நீங்களே போய்ட்டு வாங்க. சித்தப்பாவோ, அத்தையோ, அக்காவோ... யார் போனாலும் டீச்சருக்குச் சந்தோஷம்தான். 'இவன் எதுல நிக்கிறான், நாங்க வீட்ல என்ன பண்ணணும்?' என்ற ஒரே ஒரு கேள்வியைக் கேட்டாலே போதும்.