சாயக்கட்டையில் பிறந்த வில்

துபாய் ஒபராவை 2016-ல் திறந்தார்கள். கட்டடம் ‘தோ’ என்கிற அரபுப் பாய்மரக்கப்பலின் வடிவம். அங்கே மேடையேறும் வயலின்காரர்களின் கையிலுள்ள வில்லுக்கும் அந்தக் கப்பலுக்கும் பழைய உறவு ஒன்று உண்டு.

வில்லால் தந்தியை இழைக்கும் வித்தை 10-ஆம் நூற்றாண்டிலேயே அரபு மண்ணில் இருந்தது. ஐரோப்பாவுக்கு அது போனது அதற்குப் பிறகுதான். வளைகுடா பதூயின்களின் ரபாபாவை இன்றும் கேட்கலாம்: தோல் போர்த்திய மரப்பெட்டி, ஒரே ஒரு தந்தி. தந்தியும் குதிரைமயிர், வில்லில் கட்டியதும் குதிரைமயிர்.

மரத்தின் கதை நம் பக்கம் தொடங்குகிறது. மலையாளி ஓட்டல்களில் இளஞ்சிவப்பாக வெந்நீர் வைப்பார்களே, அந்தப் பதிமுகம்தான். கொல்லத்தில் கிடைக்கும் இந்தச் சாயக்கட்டையைப் பற்றி மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். மலபாரிலும் இலங்கையிலும் ஏற்றிய கட்டை அரபுக் கப்பல்களில் மேற்கே போய், ஐரோப்பியத் துணிகளுக்குச் சிவப்பேற்றியது. 1500-க்குப் பின் போர்த்துக்கீசியர் அட்லாண்டிக்குக்கு அப்பால் இதன் உறவுமரம் ஒன்றைக் கண்டார்கள். கட்டையின் பெயரே நாட்டுக்கும் ஒட்டிக்கொண்டது: பிரேசில். அந்நாளைய ஆம்ஸ்டர்டாம் சிறையில் கைதிகளுக்கு இந்தக் கட்டையைச் சாயத்தூளாக அராவுவதே தண்டனை வேலையாக இருந்தது. அரபு வணிகருக்கு இந்தப் புதிய மரத்தின் வரவு நல்ல செய்தியாக இருந்திருக்காது.

சாயத்துக்கு வந்த அந்தக் கட்டையில் பாரிஸ்காரர் பிரான்சுவா சேவியர் தூர்த் (1747–1835) வேறொன்றைப் பார்த்தார். கடிகார வேலை பழகிய கை அது. பெர்னம்புகோ எனப்படும் இந்த மரம் கனமானது, துள்ளலும் உள்ளது. சூடுகாட்டி வளைத்தால் வளைந்தபடியே நிற்கும். பெரும்பாலான கட்டைகள் முறுக்கும் முடிச்சுமாக இருக்கும். நேர்நரம்பு ஓடிய துண்டுக்காகக் குவியலையே கிளற வேண்டும். அப்படித் தேறிய குச்சியைச் செதுக்கி, மயிரின் பக்கமாக உள்வளைவு கொடுத்தார். நீளம் சுமார் 74 சென்டிமீட்டர், எடை 60 கிராம் அளவில். கைப்பிடியில் கருங்காலியும் முத்துச்சிப்பியும் வெள்ளியும். மயிர் முறுக்கிக்கொள்ளாமல் பட்டையாக விரிந்து நிற்க ஓர் உலோக வளையம். வியோட்டி போன்ற வாசிப்பாளர்கள் கேட்ட நீண்ட, அழுத்தமான நாதம் இதில் வந்தது. அடுத்த தலைமுறையில் மிரக்கூர் ஊரில் பிறந்த டொமினிக் பெக்கத் (1810–1874) தலைப்பகுதியைக் கோடரிபோல் கூர்மையாக்கினார். இன்று நல்ல தூர்த் வில் ஒன்று, சுமாரான வயலின்கள் பலவற்றின் விலையை விழுங்கிவிடும். என்னைக் கேட்டால் அது நியாயம்தான். வயலினைப் புகழ்கிற நாம் வில்லை உதிரிப்பாகமாகவே நினைத்துப் பழகிவிட்டோம்.

தூர்த் பாரிஸில் இழைத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் சென்னையை அடுத்த மணலியில் கர்நாடக இசைக்கலைஞர் பாலுசுவாமி தீட்சிதர் வயலின் கற்றார். நம் கச்சேரி மேடைக்கு வில் வந்த வழி அது.

சாயத்துக்காக வெட்டியே பிரேசில் காட்டில் மரம் அருகிவிட்டது. 2007 முதல் பெர்னம்புகோ கட்டையின் பன்னாட்டு வணிகத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. கார்பன் இழை வில்களும் வந்துவிட்டன. குதிரைமயிருக்கு மட்டும் ஈடு கிடைத்தபாடில்லை. அந்தக் கதை அடுத்த வாரம்.