இராமானுஜனின் இங்கிலாந்துப் பயணம்

இராமானுஜனின் இங்கிலாந்துப் பயணம் என்பது கணிதமேதை சீனிவாச இராமானுஜன் (டிசம்பர் 22, 1887 – ஏப்ரல் 26, 1920) உயர் ஆய்வுக்காகச் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிச் சென்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் திரினிட்டி கல்லூரியில் பணியாற்றிய 1914–1919 காலப்பகுதியைக் குறிக்கும். இரண்டு ஆண்டு உதவித்தொகையுடன் தொடங்கிய இப்பயணம் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நீடித்தது. வெளிநாட்டுக் கல்வி ஒன்றுக்காகச் செய்யப்பட்ட ஆயத்தங்கள், அதனால் விளைந்த பயன், கவனிக்கப்படாது விடப்பட்டவை ஆகிய மூன்றையும் இதில் காணலாம்.

பின்னணி

இராமானுஜன் கும்பகோணம் அரசுக் கல்லூரியிலும், பின்னர் அப்போது ஜார்ஜ் டவுன் பகுதியில் இயங்கிய பச்சையப்பன் கல்லூரியிலும் பயின்றார். கணிதம் தவிர்ந்த பாடங்களில் தேர்ச்சி பெறாததால் அவரால் பட்டப்படிப்புக்குச் செல்ல இயலவில்லை. 1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். துறைமுகக் கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், தலைமைக் கணக்கர் எஸ். நாராயண ஐயர் ஆகிய இருவரும் அவரது திறமையை அறிந்து ஆதரித்தனர். நாராயண ஐயர் தாமே ஒரு கணித ஆர்வலர் ஆவார்.

1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஜி. எச். ஹார்டிக்கு இராமானுஜன் தம் தேற்றங்களை எழுதி அனுப்பினார். ஹார்டியின் சாதகமான பதில் சென்னையில் அவருக்கு மதிப்பைத் தேடித் தந்தது. அதே ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. துறைமுகப் பணியிலிருந்து விடுப்புப் பெற்று அவர் முழுநேர ஆய்வில் ஈடுபட்டார்.

தயக்கமும் இசைவும்

இராமானுஜன் கேம்பிரிட்ஜுக்கு வர வேண்டும் என்று ஹார்டி தொடக்கத்திலேயே விரும்பினார். ஆயினும் கடல் கடந்து செல்வது சாதியிலிருந்து விலக்கப்படுவதற்குரிய செயல் என்று கருதப்பட்ட காலம் அது. வைதிகக் குடும்பத்தைச் சேர்ந்த இராமானுஜன் முதலில் மறுத்துவிட்டார். அவரது தாயார் கோமளத்தம்மாளும் இசையவில்லை. குலதெய்வமான நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் தோன்றித் தடை நீக்கியதாகக் கூறப்படும் செய்தி பரவலாக அறியப்பட்டது.

1914 தொடக்கத்தில் சொற்பொழிவாற்றச் சென்னை வந்த திரினிட்டி கல்லூரிக் கணிதவியலாளர் ஈ. எச். நெவில், ஹார்டியின் வேண்டுகோளின்படி இராமானுஜனைச் சந்தித்தார். அப்போது இராமானுஜன் பயணத்துக்கு இசைந்திருந்தார். பணம், ஆங்கில அறிவு, சைவ உணவு, தேர்வுகள் ஆகியவை பற்றிய ஐயங்களே எஞ்சியிருந்தன. தேர்வு எழுத வேண்டியதில்லை, உணவுப் பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை என்று நெவில் உறுதியளித்தார்.

ஆயத்தங்கள்

நிதி

1914 ஜனவரி 28 அன்று நெவில் பல்கலைக்கழகப் பதிவாளர் பிரான்சிஸ் டியூஸ்பரிக்கு இராமானுஜனின் திறமையை விளக்கிக் கடிதம் எழுதினார். பிப்ரவரியில் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் தனிச் செயலருக்கு எழுதி அரசின் ஆதரவைக் கோரினார். இதன் பயனாகப் பின்வரும் உதவிகள் கிடைத்தன:

• ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை, முதலில் இரண்டு ஆண்டுகளுக்கு
• ஆடை முதலியவற்றுக்காக 100 பவுண்டு
• கப்பல் கட்டணம்
• திரினிட்டி கல்லூரி வழங்கிய கூடுதல் தொகை, ஆண்டுக்கு 60 பவுண்டு

உதவித்தொகையிலிருந்து மாதம் 60 ரூபாய் சென்னையிலேயே தம் குடும்பத்துக்குக் கொடுக்கப்படுமாறு இராமானுஜன் ஏற்பாடு செய்தார். தாம் இல்லாத காலத்தில் வீட்டுச் செலவு தடைபடாதிருக்க இது உதவியது.

தோற்றமும் பழக்கவழக்கமும்

மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ரிச்சர்ட் லிட்டில்ஹெய்ல்ஸ் மேனாட்டு உடைகள் வாங்க உதவினார். கத்தி, முட்கரண்டி கொண்டு உண்ணவும் இராமானுஜன் பழக வேண்டியிருந்தது. பயணத்துக்குச் சில நாட்களுக்கு முன் அவரது குடுமி எடுக்கப்பட்டது. இந்த மாற்றத்தைக் காண்பது வருத்தம் தரும் என்பதால் தாயாரும் மனைவி ஜானகியும் முன்னதாகவே கும்பகோணத்துக்கு அனுப்பி வைக்கப்பட்டனர்.

பயணம்

1914 மார்ச் 17 அன்று 'நெவாசா' என்னும் கப்பல் இராமானுஜனுடன் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. தாம் எழுத்தராகப் பணியாற்றிய அதே துறைமுகத்திலிருந்தே அவர் கப்பலேறினார். சூயஸ் கால்வாய் வழியே சென்ற கப்பல் ஏப்ரல் 14 அன்று இலண்டனை அடைந்தது. சில நாட்கள் அங்கே தங்கிய பின் நெவிலின் கேம்பிரிட்ஜ் இல்லத்துக்குச் சென்ற இராமானுஜன், ஜூன் மாதத்தில் திரினிட்டி கல்லூரி விடுதிக்கு மாறினார். புதிய நாட்டில் முதல் வாரங்களை ஒரு குடும்பத்துடன் கழித்தது அவருக்குப் பெரிதும் உதவியது.

கல்விப் பயன்

ஹார்டியும் ஜே. ஈ. லிட்டில்வுட்டும் இராமானுஜனுக்கு நவீன கணிதத்தின் நிறுவல் முறைகளை அறிமுகப்படுத்தினர். அவரது இயல்பான ஊக்கம் குன்றிவிடாத வகையில் கற்பிக்க வேண்டும் என்பதில் ஹார்டி கவனமாக இருந்தார். வழக்கமான கல்வித் தகுதிகள் இல்லாதபோதும் சிறப்பு இசைவின் பேரில் ஆய்வு மாணவராகச் சேர்க்கப்பட்ட இராமானுஜன், மிகுபகு எண்கள் பற்றிய ஆய்வுக்காக 1916 மார்ச்சில் பி.ஏ. பட்டம் பெற்றார்.

ஹார்டியுடன் இணைந்து எண்களின் பிரிவினைகள் குறித்து 1918-இல் வெளியிட்ட ஆய்வு இக்காலத்தின் தலைசிறந்த விளைவாகும். 4 என்ற எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகைகளில் எழுதலாம். இவ்வாறு 200-ஐ எழுதக்கூடிய வகைகளின் எண்ணிக்கை 3,972,999,029,388 ஆகும். பி. ஏ. மக்மகோன் நேரடியாகக் கணக்கிட்டுப் பெற்ற இவ்விடையுடன் இருவரின் வாய்பாடும் பொருந்தியது. இங்கு உருவான முறை 'வட்ட முறை' என்ற பெயரில் எண் கோட்பாட்டின் முக்கியக் கருவியாக வளர்ந்தது.

1918-இல் இராமானுஜன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டு அக்டோபரில் திரினிட்டி கல்லூரியின் ஆய்வுறுப்பினரானார். இத்தகுதியைப் பெற்ற முதல் இந்தியர் இவரே.

உணவும் உடல்நலமும்

நிதி, உடை, கல்லூரி அனுமதி ஆகியவை முறையாக ஏற்பாடு செய்யப்பட்டிருந்தன. அன்றாட வாழ்வுக்கான ஆயத்தமோ போதாததாக இருந்தது. கடும் சைவரான இராமானுஜன் கல்லூரி உணவுக்கூடத்தைத் தவிர்த்துத் தம் அறையிலேயே எரிவாயு அடுப்பில் சமைத்துக்கொண்டார். முதல் உலகப் போர் தொடங்கியதும் அவருக்கு ஏற்ற உணவுப் பொருட்கள் கிடைப்பது அரிதாயிற்று. ஆய்வில் மூழ்கியிருந்த நாட்களில் நேரத்துக்கு உண்பதும் உறங்குவதும் இல்லை.

அக்காலத்தில் கேம்பிரிட்ஜில் பயின்ற பி. சி. மகலனோபிஸ் ஒரு நிகழ்வைக் குறிப்பிட்டுள்ளார். குளிரால் இரவில் மேலங்கி அணிந்து சால்வை போர்த்தியே உறங்குவதாக இராமானுஜன் அவரிடம் கூறினார். படுக்கையைப் பார்த்தபோது கம்பளிகள் பல அங்கேயே மெத்தையோடு செருகப்பட்டிருந்தன. அவற்றுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்பதை இராமானுஜனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

1917-இல் நோயுற்ற அவர் அதன் பின் பெரும்பாலும் மருத்துவ இல்லங்களிலேயே காலம் கழித்தார். அவருக்குக் காசநோய் என்று அக்காலத்தில் கருதப்பட்டது. 1994-இல் டி. ஏ. பி. யங் என்பவர் ஆவணங்களை ஆராய்ந்து, அது அமீபாவினால் ஏற்பட்ட கல்லீரல் நோயாக இருக்கலாம் என்ற கருத்தை முன்வைத்தார். போர்க்காலக் கடற்பயணத்தின் ஆபத்து காரணமாக உடனே தாயகம் திரும்பவும் வழியில்லை.

தாயகம் திரும்புதல்

இராமானுஜன் 1919-இல் 'நகோயா' கப்பலில் புறப்பட்டு மார்ச் மாதத்தில் பம்பாயை அடைந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுண்டு வீதம் ஐந்து ஆண்டுகளுக்கு உதவித்தொகை வழங்க முன்வந்தது. 1919 ஜனவரி 11 அன்று பதிவாளருக்கு நன்றி தெரிவித்து எழுதிய கடிதத்தில், பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு கொடுத்து, தம் தேவைக்குப் போக எஞ்சும் தொகையை ஏழைச் சிறுவர்கள், ஆதரவற்றோர் ஆகியோரின் பள்ளிக் கட்டணச் சலுகைக்கும் பள்ளிகளுக்கு நூல்கள் வழங்கவும் பயன்படுத்துமாறு அவர் கேட்டுக்கொண்டார். கட்டணச் சுமையும் உதவித்தொகை இழப்பும் மாணவப் பருவத்தில் அவரே அறிந்தவை.

நோய் குணமாகாமல் 1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் தமது 32 ஆவது அகவையில் காலமானார். கடல் கடந்து சென்றவர் என்பதால் வைதிக உறவினர் சிலர் அவரது இறுதிச் சடங்கில் கலந்துகொள்ளவில்லை என வாழ்க்கை வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

வடசென்னையில் நினைவு

சென்னை முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியராக இருந்த பி. கே. சீனிவாசன், இராமானுஜனின் கடிதங்களையும் அவரை அறிந்தோரின் நினைவுகளையும் திரட்டி 1968-இல் நூலாக வெளியிட்டார். இப்பயணத்தைப் பற்றி இன்று அறியப்படும் பல செய்திகளுக்கு இத்தொகுப்பு துணைபுரிந்தது. 1993-இல் அவர் முயற்சியால் இராயபுரத்தில் இராமானுஜன் அருங்காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் நிறுவப்பட்டன.

இவற்றையும் பார்க்கவும்

• சீனிவாச இராமானுஜன்
• ஜி. எச். ஹார்டி
• சென்னைத் துறைமுகம்
• எண் கோட்பாடு
• இராயபுரம்