வாடிவாசலில் இருந்து உச்ச நீதிமன்றத்துக்கு

அறிவியலும் சமயமும் நீதிமன்றத்தில் மோதிய கதை என்றாலே 1925இல் அமெரிக்காவின் டேட்டன் நகரில் நடந்த வழக்கைத்தான் சொல்வார்கள். பரிணாமக் கொள்கையைப் பாடமாக நடத்திய ஆசிரியருக்கு அங்கே 100 டாலர் அபராதம் விதித்தார்கள். மதுரைச் சீமையின் ஜல்லிக்கட்டு வழக்கையும் அந்த வரிசையில் வைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அது முழுப் பொருத்தமாகப் படவில்லை. மாட்டுக்குத் துன்பம் உண்டா என்ற கேள்விக்கு இங்கே சீக்கிரமே விடை கிடைத்துவிட்டது. ஒரு வழக்கம் சமயத்தையோ பண்பாட்டையோ சேர்ந்ததா என்று யார் சொல்வது என்பதில்தான் வழக்கு பல ஆண்டுகள் இழுத்தது.

தொடக்கம் என்னவோ சின்ன மனுதான். ராமநாதபுரம் மாவட்டக் கிராமம் ஒன்றில் ரேக்ளா எனும் மாட்டுவண்டிப் பந்தயம் நடத்த அனுமதி கேட்டு வந்ததை 2006இல் விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதி ஆர். பானுமதி, ரேக்ளாவோடு ஜல்லிக்கட்டுக்கும் சேர்த்தே தடை போட்டார். மறு ஆண்டு இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது. 2009இல் மாநில அரசு ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது; 2011இல் மத்திய அரசு, காட்சிக்குப் பயன்படுத்தக் கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையைச் சேர்த்தது. விலங்கு நல வாரியத்தின் சார்பில் 2013 ஜனவரியில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்றிலும் நேரில் பார்த்து எழுதிய அறிக்கைதான் வழக்கின் கனமான சான்று. வாலை முறுக்குவது, கம்பால் குத்துவது, கண்ணில் எரிச்சலூட்டும் பொருளைத் தடவுவது எல்லாம் அதில் பதிவாகின. காளை வீரத்தால் அல்ல, அச்சத்தால்தான் பாய்கிறது என்ற விளக்கத்தை ஏற்று, 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணனும் பினாகி சந்திர கோஷும் தடை விதித்தார்கள்.

அதுவரைக்கும் தீர்ப்பு உறுதியான தரையில் நின்றது. அதோடு நிற்காமல், காளை சிவனின் வாகனம், ஆகவே தமிழ் மரபே இதை ஏற்காது என்ற பக்கமும் போனது. இதற்கு மேற்சொன்னது போன்ற கள அறிக்கை ஏது? ஊர்க்கோயில் காளையை முதலில் அவிழ்த்துவிட்டு, அதை யாரும் தொடாமல் அனுப்பிய பிறகே மற்ற மாடுகளைப் பிடிக்கிறார்கள். வழிபாடும் விளையாட்டும் ஒரே வாடிவாசலில் கலந்து கிடக்கும் இந்த வழக்கத்தை நந்தியை வைத்து மட்டும் அளந்துவிட முடியாது.

தடையை எதிர்த்து 2017 ஜனவரியில் அலங்காநல்லூரும் சென்னை மெரினாவும் திரண்டன. ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் மாநிலச் சட்டத்திருத்தம் வந்தது. 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதைச் செல்லும் என்றது. கூட்டத்துக்கு அறிவியல் பணிந்துவிட்டது என்று சிலர் வருந்துகிறார்கள். ஆனால் மாட்டுக்கு வலிக்கும் என்ற சான்றை அந்த அமர்வு தள்ளவில்லை. புதிய விதிகள் துன்பத்தைப் பெருமளவு குறைக்கின்றன என்றது. பண்பாட்டைத் தீர்மானிக்கும் வேலையைச் சட்டமன்றத்திடம் விட்டது. கால்நடை மருத்துவர் பார்க்காத மாடு களத்துக்கு வரக் கூடாது என்ற நிலைக்கு வழக்கமே இறங்கி வந்திருப்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். ‘விதி காகிதத்தில்தானே இருக்கிறது’ என்ற மறுப்பில் மட்டும் வலு இருக்கிறது. 2017க்குப் பிறகும் கொடுமை தொடர்வதாக மனுதாரர்கள் படங்களைக் காட்டினார்கள். அவற்றை வைத்துச் சட்டத்தையே வீழ்த்த அமர்வு மறுத்தது. சட்டத்தைப் பொறுத்தவரை அது சரிதான். விதி களத்தில் வேலை செய்கிறதா என்பதோ மறுபடி அறிவியலின் கேள்வி. அதற்கு 2013இல் செய்ததைப் போல, வேலியோரம் நின்று ஒவ்வொரு மாடாகப் பார்த்து எழுத வேண்டும்.