வானத்தை விற்ற ரயில் நிலையம்

நியூயார்க் பென் ஸ்டேஷனை எப்படிப் புதுப்பிக்கிறதுங்கிற சண்டை பல வருஷமா ஓயல. அதோட முடிச்சு 1960-கள்ல விழுந்ததுன்னு நான் நினைக்கிறேன். 1910-ல திறந்த பிரமாண்டமான கல் கட்டடம் அது. காரும் விமானமும் வந்து வருமானம் சரிஞ்சதும், பென்சில்வேனியா ரயில் கம்பெனி தண்டவாளத்துக்கு மேல இருக்குற வெளியில கட்டிக்கிற உரிமையை வித்துடுச்சு. 1963-ல இடிக்க ஆரம்பிச்சாங்க. 1968-ல அங்கே மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கம் எழும்பி நின்னது. பயணிகளுக்கு மிஞ்சினது நிலவறைதான். (அந்த இடிப்பு கிளப்பின கோபத்துலதான் 1965-ல நகரத்துக்குப் பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புச் சட்டமே வந்துச்சு.)

ஆனா இடிச்சது மேல்கட்டடத்தை மட்டும்தான். கீழே அதே பழைய தண்டவாளங்கள், குறுகலான பிளாட்பாரங்கள். போதாததுக்கு, அரங்கத்தைத் தாங்குற தூண்கள் வேற அதுக்குள்ள இறங்கி நிக்குது. 2021-ல எதிர்ல இருந்த பழைய தபால் நிலையக் கட்டடத்துல மொய்னிஹான் ஹாலைத் திறந்தாங்க. கண்ணாடிக் கூரை, நல்ல வெளிச்சம். ரயிலைப் பிடிக்க இறங்கினா பழைய நெரிசல்தான்.

அரங்கத்தை அப்படியே விட்டுட்டு நிலையத்தைச் சரிசெய்ய முடியுமா? முடியாதுங்கிற பக்கம்தான் நான். 2023-ல நகர மன்றம் அரங்கத்துக்கான அனுமதியை 5 வருஷத்துக்கு மட்டுமே நீட்டிச்சது. 2028-ல மறுபடியும் கேட்டு வரணும்.