ஆச்சி வீட்டில் விட்ட பிள்ளை: 1949ஆம் ஆண்டு இலங்கைச் சட்டமும் கரிசல் குடும்பமும்

மலையகத் தமிழர் குடியுரிமை இழந்ததைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் வாக்குரிமையிலிருந்தே தொடங்குகிறார்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், 1949இன் தேர்தல் சட்டத் திருத்தம், 1952 தேர்தலில் வாக்காளர் பட்டியலிலிருந்து தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோர் காணாமற்போனது என்று வரலாறு நகரும். அது பிழையான வரலாறு அன்று. ஆனால் அதே 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டத்தை அரசியல் கண்ணால் மட்டும் பார்த்தால் அதன் கூரிய பகுதி கைநழுவிவிடும். அது குடும்பம் எது என்று வகுத்த சட்டம். அந்த வரையறை, கோவில்பட்டி வட்டாரம் போன்ற கரிசல் மானாவாரி நிலத்தின் குடும்பத்துக்கு ஒவ்வாதது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சட்டம் முதலில் கேட்டது எளிது. மணமானவர் 1946 ஜனவரி 1க்கு முன் ஏழாண்டும், மணமாகாதவர் பத்தாண்டும் இலங்கையில் இடையறாது வசித்திருக்க வேண்டும். மனுச் செய்யும் நாள்வரை அந்த வசிப்பு தொடர வேண்டும். ஒரு தடவைக்குப் பன்னிரண்டு மாதத்துக்கு மேற்படாமல் ஊர் போய்வந்தால் அது முறிவாகாது. சிக்கல் அடுத்த நிபந்தனையில் இருந்தது. சட்டம் முதலில் வகுத்தபடி, மனுதாரரின் மனைவி மணமாகி ஓராண்டு நிறையுமுன் இலங்கையில் குடியேறி, அதன்பின் இடையறாது அங்கேயே இருந்திருக்க வேண்டும். அவரைச் சார்ந்த வயதுவராத பிள்ளை ஒவ்வொன்றும் முதல் பிறந்தநாளுக்குள் அங்கே வந்து, அப்படியே வசித்திருக்க வேண்டும். தகப்பன் முப்பது வருஷம் தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியிருக்கலாம். ஒரு பிள்ளை ஊரில் வளர்ந்தால் அவர் மனுவே ஆட்டம் கண்டது.

தலைப்பிள்ளைப் பேறு தாய்வீட்டில் என்ற வழக்கம்தான் இங்கே இடித்தது என்று சொல்லத் தோன்றும். அது முழுச் சரியன்று. பிள்ளை பெற்று ஓராண்டுக்குள் திரும்பிவிட்ட தாயைச் சட்டம் தண்டிக்கவில்லை. அது தண்டித்தது, பிள்ளையை ஆச்சியிடம் விட்டுவிட்டுத் திரும்பிய தாயை.

ஏன் விட்டார்கள்? எஸ்டேட்டுகளுக்கு ஆள் மிகுதியாகப் போனது திருச்சி, சேலம், மதுரை ஜில்லாக்களிலிருந்து. திருநெல்வேலி ஜில்லாவிலிருந்து போனவர்களில் தொழிலாளரோடு கடைச் சிப்பந்திகளும் வியாபாரிகளும் கலந்திருந்தார்கள். தூத்துக்குடித் துறைமுகம் கைக்கெட்டும் தூரம். கப்பலேறுமுன் ஆட்களைத் தடுத்துவைத்துப் பரிசோதித்த தட்டப்பாறை முகாம் அந்த வழியில்தான் இருந்தது. கரிசலில் ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்தால் கம்பும் இல்லை, சோளமும் இல்லை, பருத்தியும் இல்லை. இப்படிப்பட்ட மண்ணில் சம்சாரி வீட்டின் ஆட்கள் எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பது ஆபத்து. ஒருவர் அக்கரையில் சம்பளம் வாங்க, ஒருவர் இக்கரையில் புஞ்சையைக் காக்க, ஆடு மேய்க்கவும் பள்ளிக்கூடம் போகவும் ஒரு பிள்ளை ஆச்சியோடு இருக்கும். தோட்டத்து லயன் வீட்டின் ஒற்றை அறையில் அந்தப் பிள்ளைக்கு இடமும் இருக்காது. கடலின் இரு கரையிலும் கால் வைத்திருந்த இந்த ஏற்பாட்டுக்கு ஊரில் பெயர் குடும்பம். சட்டத்தின் கண்ணில் அது அரைக்குடியேற்றம்.

வந்துபோகும் வழியை அடைத்தவர்களும் இந்தத் தொழிலாளர்கள் அல்லர். 1939 ஆகஸ்டு 1 முதல் தொழிற்பயிற்சியில்லாத கூலிகள் இலங்கைக்குப் போவதை இந்திய அரசே தடுத்தது. 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு வீசியபோது பலர் பெண்டுபிள்ளைகளை ஊருக்கு அனுப்பினார்கள். அப்படிப் போனவர்கள் பன்னிரண்டு மாதத்துக்குள் திரும்புவது யார் கையில் இருந்தது? அரசுகளின் முடிவும் போரும் உண்டாக்கிய முறிவைக் குடும்பத்துக்குத் தங்கும் எண்ணம் இல்லாததாகப் படிக்க இந்தச் சட்டம் இடம் கொடுத்தது.

எதிர்வாதத்தை அதன் வலுவான வடிவிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். அது, அன்று இலங்கைக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்த கோடாகன் பிள்ளை வழக்கில் 1953இல் சொன்னது. இந்தியத் தமிழரின் வந்துபோகும் பழக்கம், அவர்கள் குடிமக்களாகத் தகுந்தவர்களா என்ற கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையது. அது ஓர் இனத்தை ஒதுக்குவதாகாது. 1949ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது என்பது அத்தீர்ப்பின் சாரம். யாரைக் குடிமகனாக ஏற்பது என்று ஒரு நாடு முடிவு செய்யலாம் என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் வந்துபோவதும் நிலையாகத் தங்குவதும் எதிரெதிர் என்ற அனுமானத்தை அத்தீர்ப்பு சோதிக்கவே இல்லை. கரிசல் வீட்டுக்கு வந்துபோவதுதான் தங்குவதற்கான வழி. ஊரில் புஞ்சையும் ஆச்சியும் இருந்ததால்தான் மலையில் கஷ்டகாலத்தைத் தாண்ட முடிந்தது.

திறந்த வாசல் என்றார்கள். நடைமுறையில் அது காகிதத்தால் ஆன வாசல். மனுச் செய்ய இரண்டாண்டு, 1951 ஆகஸ்டு வரை. முதலில் மனுப்போட வேண்டாம் என்றிருந்த இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறகு நிலையை மாற்றிக்கொண்டு, தானே மனு எழுத உதவியது. ஏறத்தாழ 2,37,000 மனுக்கள், சுமார் 8,25,000 பேருக்காக. சட்டத்தரணி வாதாடலாம், உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு கொண்டுபோகலாம். இல்லாத காகிதத்தை அவரால் உண்டாக்க முடியாது. தொழிலாளியிடம் இருந்த பெரிய சான்று தோட்டத்துச் செக்ரோல். அது சம்பளத்துக்காக எழுதிய ஏடு. வேலைக்கு வராத மனைவியும், வேலைக்கு எட்டாத பிள்ளையும் அதில் எப்படி ஏறுவார்கள்? குடும்பத்தின் இடையறாத வசிப்பைக் கேட்ட சட்டம், குடும்பத்தைப் பதிவே செய்யாத ஏட்டை நம்பச் சொன்னது. 1964 வாக்கில் இச்சட்டப்படி குடியுரிமை பெற்றவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர். மறுப்புகளுக்கு வேறு காரணங்களும் உண்டு. எல்லாவற்றையும் குடும்ப நிபந்தனையின் தலையில் கட்ட முடியாது.

1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா, சாஸ்திரி ஒப்பந்தம் இந்த நுணுக்கத்தையும் கைவிட்டது. குடியுரிமையற்ற 9,75,000 பேரில் 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். அண்ணன் ஒரு பட்டியலிலும் தம்பி மறு பட்டியலிலும் விழ அதில் தடையில்லை.

இதைப் பழங்கதை என்று வைத்துவிட முடியாது. குடும்பத்தினரை ஸ்பான்சர் செய்து நிரந்தர வதிவிடம் வாங்கித்தர இன்று தமிழர்கள் வழக்கறிஞர்களை நாடும் கனடாவின் குடிவரவு விதிகளில் 117(9)(d) என்ற பிரிவு இருக்கிறது. ஒருவர் நிரந்தர வதிவிடம் பெற்றபோது எந்தக் குடும்ப உறுப்பினர் பரிசோதனைக்கு உட்படவில்லையோ, அவரைப் பின்னாளில் குடும்ப வகுப்பில் அழைத்துக்கொள்ள அப்பிரிவு தடைவிதிக்கிறது. 2019 செப்டம்பரில் ஒரு முன்னோடித் திட்டத்தின் மூலம் சிலருக்கு விலக்கு கொடுத்தார்கள், விதி நீங்கவில்லை. இலங்கையில், ஊரில் விட்ட பிள்ளை தகப்பனைக் கீழே இழுத்தது. கனடாவில் தகப்பன் உள்ளே போய்விடுகிறார், பிள்ளை வெளியே நிற்கிறது. மனு எழுதும் நாளில் உறவினர் வீட்டில் வளரும் பிள்ளையை யார் குடும்பத்தில் சேர்ப்பது என்ற கேள்விக்கு இரண்டு சட்டங்களும் படிவத்தின் கட்டத்துக்குள்தான் விடை தேடுகின்றன.